டிரான்சோனிக் டன்னல்ல சுவரு பண்ற சேட்டை: அறிகுறியை வச்சு ஆளைப் பிடிக்கிற வழி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஏரோ படிக்கிற பசங்க விண்ட் டன்னல்ல (காத்தை ஓட விட்டு பிளேன் மாடலைச் சோதிக்கிற குழாய்) ஓட்டிப் பாத்து எனக்கு அனுப்புற டேட்டால பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். "அண்ணே, மாடல் டிராயிங்படிதான் இருக்கு, பாலன்ஸ் கேலிபிரேஷன் முடிச்சாச்சு, ஆனா மேக் 0.9 தாண்டுனதும் எண்ணு கன்னாபின்னான்னு ஓடுது." உடனே எல்லாரும் பாலன்ஸை, அதாவது மாடல் மேல வர்ற விசையை அளக்குற கருவியை, கழட்டி மேசையில பரப்பி வச்சுருவாங்க. கழட்டாதீங்கப்பா. டிரான்சோனிக்ல, அதாவது ஒலி வேகத்துக்கு (மேக் 1) கொஞ்சம் கீழயும் மேலயும் ஓட்டும்போது, முதல் சந்தேகம் சுவத்து மேலதான் வரணும், அது இல்லன்னு நிரூபிச்சப்புறம் மத்ததைத் தொடுங்க.

ஏன்னா ஆகாயத்துல பறக்குற பிளேனுக்கு சுத்தி சுவரு கிடையாது, டன்னல்ல இருக்கு. பிள்ளையார்பட்டியில சதுர்த்தித் தேர் வரும்போது பாத்திருப்பீங்க, தேருக்கும் வீட்டுச் சுவத்துக்கும் நடுவுல மாட்டுற கூட்டம் நெருக்கியடிச்சுக்கிட்டு வேகமா நகரும், எவனாவது வீட்டு வாசக்கதவைத் தெறந்து விட்டா கொஞ்சம் உள்ள ஒதுங்கும், நெருக்கம் குறையும். துளை போட்ட சுவரு, நீளவாக்குல ஸ்லாட் வெட்டுன சுவரு எல்லாம் அந்தத் தெறந்த கதவுதான். பிரச்சனை என்னன்னா எத்தனை கதவு தெறக்கணும்ங்கிற கணக்கு ஒவ்வொரு மேக் நம்பருக்கும் மாறும்.

கீழ வர்ற எண்ணெல்லாம் 300 மில்லிமீட்டர் சதுர டெஸ்ட் செக்ஷன், ப்ளோடவுன் டைப் (டேங்குல அடைச்ச காத்தைத் தெறந்து விட்டு ஓட்டுறது), மேலயும் கீழயும் துளைத்தகடு, வெளிய அந்தத் துளை வழியா போற காத்தை வாங்கிக்குற பிளீனம் பெட்டி, இப்படி ஒரு சின்ன டன்னலை மனசுல வச்சு போட்ட கணக்கு. மாடலுக்கு அகார்ட்-பி எடுத்துக்கிறேன், உலகம் முழுக்க டன்னலை ஒப்பிடுறதுக்குன்னே இருக்குற மாடல் அது: உடம்பு விட்டத்தைப் போல 8.5 மடங்கு நீளம், 4 மடங்கு இறக்கை அகலம், சமபக்க முக்கோண இறக்கை.

வால்வை எவ்ளோ தெறந்தாலும் மேக் நம்பர் ஏறமாட்டேங்குது

இது சோக். மாடலுக்கும் சுவத்துக்கும் இடையில மிச்சம் இருக்குற சந்துல காத்து மேக் 1 தொட்டுருச்சு, அதுக்கு மேல முன்னாடி எவ்ளோ அழுத்தம் குடுத்தாலும் மாடலுக்கு முன்னால இருக்குற மேக் நம்பர் அசையாது, டேங்குதான் காலியாகும்.

எவ்ளோ அடைப்பு இருந்தா சோக் ஆகும்னு பாருங்க, பயமா இருக்கும். மூடுன சுவத்துல மேக் 0.8ல ஓட்டணும்னா மாடல் குறுக்குப் பரப்பு டன்னல் பரப்புல 3.7 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. 0.9க்கு 0.9 சதவீதம். 0.95க்கு வெறும் 0.2 சதவீதம். நம்ம அகார்ட்-பி 30 மில்லிமீட்டர் விட்டத்துல செஞ்சா உடம்பு மட்டுமே 0.79 சதவீதம், அப்ப மூடுன சுவத்துல 0.9 தாண்டுறதே கஷ்டம், இறக்கையையும் சுவத்துல வளர்ற பவுண்டரி லேயரையும் (சுவத்தை ஒட்டி மெதுவா ஓடுற காத்துப் படலம்) சேத்தா அதுக்கு முன்னாடியே நின்னுரும். 20 மில்லிமீட்டர்ல செஞ்சா 0.35 சதவீதம், 0.93 சொச்சம் வரைக்கும் போகும்.

உலகமே இந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டு முழிச்சுச்சு. 1940கள்ல மேக் 1 பக்கத்துல நம்புற மாதிரி டன்னல் டேட்டாவே கிடையாது, அமெரிக்காக்காரங்க பிளேன்ல இருந்து மாடலைக் கீழ போட்டுப் பாத்தாங்க, ராக்கெட்ல கட்டி விட்டுப் பாத்தாங்க, பறக்குற பிளேனோட இறக்கை மேலயே சின்ன மாடலை நட்டு வச்சும் பாத்தாங்க. அங்க லாங்லி ஆய்வுக்கூடத்துல ரே ரைட் ஸ்லாட் சுவத்துக் கணக்கைப் போட்டாரு, ஜான் ஸ்டாக் முன்ன நின்னு நடத்துனாரு, 1950ல 8 அடி டன்னல் ஸ்லாட்டோட ஓடுச்சு, 1951க்கான காலியர் டிராஃபிங்கிற விமானத்துறை விருது அந்தக் குழுவுக்குப் போச்சு. விட்காம்போட ஏரியா ரூல் (பிளேனோட குறுக்குப் பரப்பு நீளவாக்குல சீரா மாறணும்ங்கிற விதி) அதே 8 அடி டன்னல்ல பண்ண டெஸ்ட்ல இருந்து வந்ததுதான். சுவத்தைச் சரி பண்ணதுக்கு அப்புறம்தான் அதெல்லாம் கண்ணுல பட்டுச்சு.

உங்க டன்னல்ல துளை இருந்தும் சோக் ஆகுதா? இந்த வரிசையில பாருங்க. பிளீனம் பெட்டியில கசிவு இருக்கா, துளை அடைஞ்சிருக்கா, டிஃப்யூசர் (டெஸ்ட் செக்ஷனுக்குப் பின்னால விரியுற குழாய்) பக்கம் இருக்குற எஜெக்டர் ஃப்ளாப் மூடியே கெடக்கா. பிளீனத்துக்குள்ள போன காத்து திரும்ப வெளியேற வழி வேணும், ஃப்ளாப்பைக் கொஞ்சம் தெறந்தாலோ தனியா சக்‌ஷன் குடுத்தாலோதான் 1 தாண்டி 1.2 வரைக்கும் இழுக்க முடியும். மாடல் ஒல்லிதான், சோக் ஆகுறது மாடல்கிட்ட இல்லன்னு ஷ்லீரன்ல (காத்தோட அடர்த்தி மாறுறதைப் படமா காட்டுற ஒளிக்கருவி) தெரிஞ்சா பின்னாடி ஸ்டிங் சப்போர்ட்டை, அதாவது மாடலைத் தாங்குற தண்டைப் பாருங்க, நிறைய சின்ன டன்னல்ல மாடலை விட சப்போர்ட்தான் குண்டா இருக்கும்.

லிஃப்ட் கோடு செங்குத்தா ஏறுது, டிராக் சீக்கிரமே எகிறுது (இல்லன்னா ரெண்டும் தலைகீழ்)

லிஃப்ட்னா மாடலை மேல தூக்குற விசை, டிராக்னா பின்னால இழுக்குற விசை, லிஃப்ட் கோடுன்னா கோணம் ஏற ஏற லிஃப்ட் எப்படி ஏறுதுன்னு வரைஞ்சது. இதுலதான் கொஞ்ச நேரம் உக்காரணும், ஏன்னா ரெண்டு வேற வேற சேட்டை ஒண்ணா கலந்து வரும்.

முதல்லது பிளாக்கேஜ். சுவரு மூடுனாப்ல இருந்தா மாடல்கிட்ட காத்து நீங்க எழுதி வச்ச மேக் நம்பரை விட வேகமா போகும். அதனால டிராக் எகிற ஆரம்பிக்கிறது கிராஃப்ல சீக்கிரமே வரும், இறக்கை மேல ஷாக் (அழுத்தம் சட்டுன்னு எகிறுற மெல்லிய அலை) கொஞ்சம் பின்னால தள்ளி நிக்கும். சுவரு தேவைக்கு மேல தெறந்திருந்தா அப்படியே எதிர்ப்பதம், ஷாக் முன்னால, டிராக் லேட்டா எகிறும். இந்தத் தப்பு மேக் நம்பர் ஏற ஏற பயங்கரமா பெருகும், காத்து அமுங்குறதுக்குப் போடுற பழைய பிராண்டில்-கிளாவர்ட் கணக்குப்படியே மேக் 0.8ல, வேகம் கம்மியா இருக்கும்போது இருந்ததை விட சுமார் 4.6 மடங்கு. அதுக்கு மேல போனா அந்தக் கணக்கையே நம்ப முடியாது.

ரெண்டாவது லிஃப்ட்னால வர்றது. மூடுன சுவரு காத்தை மேல்நோக்கித் திருப்பி விடும், மாடல் நீங்க வச்ச கோணத்தை விட அதிகக் கோணத்துல இருக்குற மாதிரி நடந்துக்கும், அதனால லிஃப்ட் கோடு செங்குத்து, டிராக் கம்மி. அளவு எவ்ளோன்னா, மூடுன சதுர டன்னலுக்கு குணகம் 0.137, அதை இறக்கைப் பரப்புக்கும் டன்னல் பரப்புக்கும் உள்ள விகிதத்தாலயும் லிஃப்ட் கோஎஃபிஷன்டாலயும் (லிஃப்டை வேகம், இறக்கை அளவு சேராம சொல்ற எண்) பெருக்கணும், வர்றது ரேடியன்ல. 300க்கு 300 டன்னல்ல 200 சதுர சென்டிமீட்டர் இறக்கை, லிஃப்ட் கோஎஃபிஷன்ட் 0.5ன்னா கிட்டத்தட்ட 0.87 டிகிரி! நீங்க கோணத்தைக் கால் டிகிரி துல்லியத்துல செட் பண்ண உயிரைக் குடுத்துக்கிட்டு இருப்பீங்க, சுவரு அதைப் போல மூணு மடங்கு சத்தமில்லாம சேத்துட்டுப் போயிரும். முழுசா தெறந்த ஜெட்டுன்னா இதே அளவுல எதிர்க்குறி.

இப்ப முக்கியமான விஷயம். பிளாக்கேஜை பூஜ்யம் ஆக்குற துளை சதவீதமும் (சுவத்துப் பரப்புல துளை எவ்ளோங்கிறது) லிஃப்ட் தப்பை பூஜ்யம் ஆக்குற துளை சதவீதமும் ஒண்ணு கிடையாது. "துளை போட்ட சுவரு, அதனால கரெக்‌ஷன் தேவையில்ல"ன்னு ரிப்போர்ட்ல எழுதுறாங்களே, அதைப் பாத்தா எனக்கு எரிச்சல் வரும். எது பூஜ்யம் ஆச்சு, எது ஆகலன்னு சொல்லாத வரைக்கும் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்ல.

கண்டுபிடிக்கிற வழி டேப்தான். அலுமினியம் டேப் ரோல் எடுத்துக்கிட்டு பிளீனம் பக்கத்துல இருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை துளையை ஒட்டுங்க, 6 சதவீதம் இருந்தது 3 ஆகும். காத்து ஓடுற பக்கம் ஒட்டாதீங்க, ஓட்டத்துல பிச்சுக்கிட்டுப் போயி இறக்கை மேல அறையும். விரல் நகத்தால ஓரத்தை நல்லா தேய்ச்சு ஒட்டுங்க, ஒரு ஓரம் தூக்குனாலும் அது வால்வு மாதிரி படபடன்னு அடிச்சு பிளீனம் பிரஷரையே ஆட்டி விடும். அப்புறம் அதே மேக், அதே ஸ்டாக்னேஷன் அழுத்தம் (காத்து நின்ன நிலையில இருக்குற அழுத்தம்), அதே கோண வரிசை. எண்ணு அசையலன்னா சுவரு நிரபராதி, வேற ஆளைத் தேடுங்க. அசைஞ்சுதுன்னா எந்தப் பக்கம் அசைஞ்சுதுன்னு பாருங்க, அதை வச்சு இருந்த சுவரு அதிக மூடலா அதிகத் தெறப்பான்னு தெரிஞ்சுரும்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. பெரும்பாலும் மேக் நம்பரை பிளீனம் அழுத்தத்துல இருந்துதான் எடுப்போம், பிளீனத்துக்கும் டன்னல் நடுக்கோட்டுக்கும் உள்ள உறவு காலி டன்னல்ல ஸ்டாட்டிக் பைப் வச்சு கேலிபிரேட் பண்ணது. துளையை பாதி மூடுனா அந்த உறவே மாறிப்போகும். அதனால டேப் ஒட்டுனதும் முதல்ல காலி டன்னல் ரன், அப்புறம்தான் மாடல். டேங்க் நிரம்ப நேரம் ஆகும்னு இதைத் தாண்டிப் போறவங்கதான் அதிகம். கம்ப்ரெஸர் ஓடட்டும், அதுக்குள்ள போயி வெள்ளைப்பணியாரமும் காரச் சட்னியும் சாப்ட்டு வாங்க, ஒண்ணும் குடி முழுகிப் போயிறாது.

டேப் பண்ண மனசு வரலன்னா ரெண்டாவது வழி, அதே மாடலை பாதி சைஸ்ல செஞ்சு ஒப்பிடுறது. செலவு அதிகம், ரெனால்ட்ஸ் நம்பர் (மாடல் அளவு, வேகம், காத்தோட பிசுக்கு மூணையும் சேத்துச் சொல்ற எண்) வேற மாறிரும், எது சுவத்தால எது ரெனால்ட்ஸால்னு பிரிக்க தலை சுத்தும். டேப்பே தேவலாம்.

காலி டன்னல்லயே மேக் நம்பர் நீளவாக்குல ஒரே மாதிரி இல்ல

பின்னால போகப்போக மேக் ஏறுதுன்னா அழுத்தம் கொறையுதுன்னு அர்த்தம், மாடலோட கன அளவு மேல அந்த அழுத்த வித்தியாசம் பின்னால தள்ளும், அது டிராக்கா பதிவாகும். பவுண்டரி லேயர் தடிக்கிறதுதான் வழக்கமான காரணம். மேல கீழ சுவத்தை கால், அரை டிகிரி அளவுல விரிச்சு வச்சாலே பெரும்பாலும் தீரும், சுவத்துக்கு அடியில ஷிம் வைக்கிற வசதி இருந்தா அரை நாள் வேலை. கடைசிப் பகுதியில மட்டும் சரிவு இருந்தா எஜெக்டர் ஃப்ளாப்பைப் பாருங்க.

மேக் 1.02ல இருந்து 1.2க்குள்ள டிராக் கோட்டுல ஒரு திமில்

இது ஷாக் திரும்பி வந்து அடிக்கிறது. மூக்குல இருந்து கிளம்புற ஷாக் சுவத்துல பட்டு எதிரொலிச்சு மாடலோட பின்பக்கம் விழும், அங்க அழுத்தம் மாறும், டிராக்கும் பிட்சிங் மொமென்டும் (மூக்கை மேல கீழ திருப்புற விசை) எகிறும் இல்லன்னா பள்ளம் விழும். மூடுன சுவத்துல ஷாக் ஷாக்காவே திரும்பும், தெறந்த ஜெட்ல விரிவலையா (அழுத்தத்தைக் கொறைக்கிற அலை) திரும்பும், ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஒரு துளை சதவீதத்துல ரெண்டும் அடிச்சுக்கிட்டு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போகும். துளைத்தகட்டோட முழு மகிமையும் அதுலதான் இருக்கு. ஸ்லாட் சுவரு 1க்குக் கீழ நல்லா வேலை செய்யும், ஷாக்கை விழுங்குறதுல துளைத்தகடு கெட்டிக்காரன்.

முதல்ல கணக்கு போடுங்க, ஷாக் மாடல் மேல விழுதா இல்லையான்னு. மூக்குல இருந்து சுவத்துக்குப் போயி நடுக்கோட்டுக்குத் திரும்புற தூரம் டன்னல் உயரம் பெருக்கல் (மேக் வர்க்கத்துல 1 கழிச்சதோட வர்க்கமூலம்). நம்ம 300 மில்லிமீட்டர் டன்னல்ல மேக் 1.05ல 96 மில்லிமீட்டர், 1.1ல 137, 1.2ல 199. 30 மில்லிமீட்டர் அகார்ட்-பியோட நீளம் 255, அப்ப 1.31 தாண்டுற வரைக்கும் எதிரொலி மாடல் மேலயே விழும், அதாவது நமக்கு வேணும்ங்கிற டிரான்சோனிக் ரேஞ்சு முழுக்க காலி. 20 மில்லிமீட்டர்னா நீளம் 170, 1.15லயே தப்பிச்சுரும். நிஜத்துல மூக்கு ஷாக் இந்த மெல்லிய அலையை விட கொஞ்சம் செங்குத்தா நிக்கும், அதனால இன்னும் முன்னாலயே வந்து விழும், கொஞ்சம் கூடுதலா இடம் விட்டு வைங்க. மாடல் பெருசா இருந்தா பாலன்ஸ்ல சிக்னல் நல்லா வரும்னு ஆசைப்படுறது புரியுது, ஆனா 1க்கும் 1.2க்கும் நடுவுலதான் வேலைன்னா சின்ன மாடலும் சென்சிட்டிவான பாலன்ஸும்தான் சரி.

ஷ்லீரன்ல பாத்தா திரும்பி வர்ற கோடு தெளிவா தெரியும், கூடவே மாடல் பின்பக்கத்துல அழுத்தம் அளக்குற நாலஞ்சு பிரஷர் ஓட்டை இருந்தா கையோட பிடிச்சுரலாம், மேக் ஏற ஏற மேடு ஒரு ஓட்டையில இருந்து அடுத்த ஓட்டைக்கு பின்னால நகரும். நகர்ந்தா எதிரொலி. ஒரே இடத்துல நின்னா மாடல்லயே ஏதோ கோளாறு.

திருத்துறதுக்கு துளை சதவீதத்தை மாத்தணும். மேக் 1க்குக் கிட்ட கம்மித் துளை, 1.2 பக்கம் அதிகத் துளை வேணும், அதனாலதான் அமெரிக்க விமானப்படையோட ஆய்வு மையமான ஏஇடிசியோட 4டி டன்னல்ல 0ல இருந்து 10 சதவீதம் வரைக்கும் மாத்துற மாதிரி தகடு மேல தகடு நகருற சுவரு வச்சாங்க. அவங்களோட பெரிய 16டி டன்னல்ல நிலையான 6 சதவீதம், ஆனா துளை நேரா இல்ல, செங்குத்துல இருந்து 60 டிகிரி சாய்ச்சுப் போட்டது. சாய்ச்சா காத்து வெளிய போறது சுலபம், உள்ள திரும்பி வர்றது கஷ்டம், இந்த ஓரவஞ்சனைதான் ஷாக்கை அடக்கவும் விரிவலையை அடக்கவும் ஒரே தகட்டை ஒத்துக்க வைக்குது.

சாய்வுத் துளை உங்க டன்னல்ல இருக்குன்னா ஒரு சைக்கிள் ஸ்போக் எடுத்துக்கிட்டுப் போங்க. டன்னல் உள்பக்கம் இருந்து துளைக்குள்ள சொருகுங்க, ஸ்போக்கோட வெளி முனை காத்து போற திசையைக் காட்டணும், கையில இருக்குற முனை காத்து வர்ற பக்கம் சாஞ்சிருக்கணும். எதிர்ப்பக்கம் சாஞ்சா தகட்டைத் திருப்பி மாட்டிருக்காங்க. சுத்தம் பண்ணக் கழட்டி மாட்டும்போது இது நடக்கும், போல்ட் துளை நாலு பக்கமும் சமச்சீரா இருக்குறதால யாருக்கும் தெரியாது. தகட்டு மேல பெயின்ட்ல ஒரு அம்புக்குறி போட்டு வைங்க, அடுத்த பேட்ச் உங்களை வாழ்த்தும்.

அப்படியே விரலை வச்சு துளை ஓரத்தைத் தடவிப் பாருங்க. லேத் பட்டறையில ட்ரில் போட்டு பிசிறு எடுக்காம குடுத்திருந்தா ஒவ்வொரு துளையும் தனித்தனியா நடந்துக்கும், துளை சதவீதம் டிராயிங்ல 6ன்னு இருந்தாலும் காத்துக்கு அது வேற. நம்ம ஊர் பட்டறை ஆளுங்க கைவேலை பிரமாதம், ஆனா கேட்டாத்தான் பிசிறு எடுப்பாங்க, ஆர்டர்லயே எழுதிருங்க. உள்பக்கம் ஓரத்தை வளைச்சு வழுவழுன்னு ஆக்கவும் விடாதீங்க, கூர்மையா, சுத்தமா, எல்லாத் துளையும் ஒரே மாதிரி இருக்கணும்.

மாடலைத் தலைகீழாத் திருப்புனா லிஃப்ட் வேற

பூஜ்ய லிஃப்ட் கோணம் ரெண்டு பக்கமும் ஒத்துவரலன்னா காத்தே சாஞ்சு வருது. நேராவும் 180 டிகிரி திருப்பியும் ஓட்டி, வித்தியாசத்துல பாதியை ஓட்டச் சாய்வா எடுத்துக்கங்க. கண்டிப்பா பாக்க வேண்டியது மேல் பிளீனமும் கீழ் பிளீனமும் ஒரே அழுத்தத்துல இருக்கான்னு, கீழ்ப்பக்கத் துளையில துரு, தூசி அடைஞ்சு கெடக்குறது சாதாரணம்.

விசில் அடிக்குது, பாலன்ஸ் சிக்னல் நடுங்குது

துளை ஓரத்துல காத்து ஊதுற சத்தம். குறிப்பிட்ட மேக்ல மட்டும் கூர்மையா ஒரே ஸ்வரத்துல வரும், மேக் மாறுனா ஸ்வரமும் மாறும். டேப் ஒட்டி அந்தப் பகுதியை மூடுனா நின்னுச்சுன்னா அதுவேதான். சராசரி லிஃப்ட், டிராக் மட்டும் வேணும்னா சகிச்சுக்கலாம், பவுண்டரி லேயர் எங்க மாறுதுன்னோ பஃபெட்னோ (காத்தோட்டத்தால வர்ற இறக்கை நடுக்கம்) அளக்குறவங்க சகிக்கக்கூடாது. துளை மேல நுண்ணிய கம்பிவலை இழுத்துக் கட்டுறது, துளைக்குள்ள நடுத்தகடு வைக்கிறது, ரெண்டும் வழக்கத்துல இருக்குற வைத்தியம். ஆனா வலை கட்டுனதும் சுவத்தோட குணமே மாறிருச்சு, திரும்ப காலி டன்னல் கேலிபிரேஷன்ல இருந்து ஆரம்பிங்க.

ஐப்பசி மாசம் மட்டும் டேட்டா கெடுது

சிரிக்காதீங்க. மேக் 1ல டேங்க் காத்து 27 டிகிரியா இருந்தா ஓட்டத்துல மைனஸ் 23 ஆகும், 1.2ல மைனஸ் 40, இறக்கை மேல வேகம் கூடுற இடத்துல இன்னும் கீழ. காத்துல ஈரம் இருந்தா பனிப்புகையா உறைஞ்சு வெப்பத்தைக் கக்கும், மேக் நம்பரும் அழுத்தமும் நகரும், பாத்தா அசப்புல சுவத்துச் சேட்டை மாதிரியே இருக்கும். நம்ம பக்கம் வருஷம் பூரா காய்ஞ்சு கெடந்துட்டு வடகிழக்குப் பருவம் வந்ததும் ஈரம் ஏறும், டிரையர்ல சிலிக்கா ஜெல் நீலத்துல இருந்து ரோஸ் ஆயிருச்சான்னு பாருங்க. ஷ்லீரன்ல புகை மாதிரி தெரிஞ்சா சுவத்தைத் தொடவே வேணாம்.

எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் மிச்சம் இருக்கு

இருக்கும். அப்ப கரெக்‌ஷன்தான். மேல் சுவத்துல ஒரு வரிசை, கீழ் சுவத்துல ஒரு வரிசை பிரஷர் ஓட்டை வைங்க, மாடலுக்கு முன்னாலயும் பின்னாலயும் நல்லா நீட்டி வைங்க. மாடல் இருக்கும்போது வர்ற சுவத்து அழுத்தத்துல இருந்து காலி டன்னல் அழுத்தத்தைக் கழிச்சா சுவரு உண்மையில என்ன பண்ணுதுன்னு கையில வந்துரும், துளைக்கு ஏட்டுல இருக்குற குணகத்தை நம்புறதை விட இது எவ்வளவோ மேல். அதுல இருந்து மேக் நம்பருக்கு ஒரு திருத்தம், கோணத்துக்கு ஒரு திருத்தம்.

திருத்தம் மூக்குல ஒரு மாதிரி, வால்ல வேற மாதிரி வந்துச்சுன்னா நிறுத்திருங்க. மாடல் நீளம் முழுக்க திருத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவா இருந்தாத்தான் "இந்த டேட்டா வேற ஒரு மேக், வேற ஒரு கோணத்துல எடுத்தது"ன்னு சொல்லி வச்சுக்க முடியும். அப்படி இல்லன்னா அந்த ரன்னைத் திருத்த முடியாது, தூக்கிப் போடணும். மேக் 0.95ல இருந்து 1.05 வரைக்கும் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

வளையுற சுவரு வச்சு, ஓட்டம் எப்படிப் போகணுமோ அப்படியே சுவத்தை வளைச்சுக்குற அடாப்டிவ் டன்னலும் உண்டு. இங்கிலாந்துல என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) ஆளுங்க 1940கள்லயே கையால திருகித் திருகி வளைச்சுப் பாத்தாங்க, 1970கள்ல சியர்ஸும் தனியா ஃபெர்ரி, பரோன்டியும் கம்ப்யூட்டர் கணக்கோட அதைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. ரெண்டு பரிமாண ஏர்ஃபாயில் டெஸ்டுக்கு அருமை. காலேஜ் லேப்ல முழு பிளேன் மாடலுக்கு அதைக் கட்டுறேன்னு எவனாவது கிளம்புனா நான் தடுப்பேன், ஜாக்கும் மோட்டாரும் பாத்துக்கவே தனி ஆள் வேணும்.

மாடலே பெருசுதான், சின்னதாக்க முடியாது, மேக் 1 பக்கம் டேட்டா வேணும்னா பெரிய டன்னலுக்குப் போறதுதான் நேர்மை. பெங்களூர் என்ஏஎல்ல (தேசிய விமானவியல் ஆய்வகம்) 1967ல இருந்து ஓடுற 1.2 மீட்டர் ட்ரைசோனிக் டன்னல் (ஒலி வேகத்துக்குக் கீழ, பக்கத்துல, மேல மூணுலயும் ஓடும்) இருக்கு, இதே 30 மில்லிமீட்டர் மாடல் அங்க போனா அடைப்பு 16ல ஒரு பங்கா கொறைஞ்சு 0.05 சதவீதம்தான். அங்க போறதுக்கு முன்னாடி இங்க டேப் டெஸ்ட் முடிச்சு, எந்த மேக்ல இருந்து உங்க டேட்டா கெடுதுன்னு ஒரு கோடு போட்டுக்கிட்டுப் போங்க, அங்க ரன் நேரம் அதுக்கு மேல உள்ள பகுதிக்கு மட்டும் கேட்டாப் போதும்.